நூற்றைந்தாம் எண் பாடம்

குழுவுக்குத் தலைமை ஏற்க முடியுமா என்று கல்விக் குழுமத்தின் செயலாளர் போனில் கேட்டபோது, கணக்கம்மா முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் மேஜையில் மலை மாதிரி கிடந்தன. முழங்கால் வேறு குடைந்துகொண்டிருந்தது. போதாததற்கு, 'பாட எண்களைப் பொதுவாக்கும் குழு' என்ற பெயரைக் கேட்டதுமே அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

விஷயம் இதுதான். தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் போகிறவர்கள் கல்லூரியில் ஒரு கணிதப் பாடம் படித்தே ஆக வேண்டும். பின்னம், இடமதிப்பு, அளவை, வடிவம் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கணக்கை, ஏன் இப்படி, எதனால் இப்படி என்று அடிவரை தோண்டிப் பார்க்கிற பாடம். எல்லாக் கல்லூரியிலும் அது உண்டு. ஆனால் ஆளாளுக்கு ஒரு எண் வைத்திருந்தார்கள். கணக்கம்மாவின் கல்லூரியில் அது நூற்றைந்து. மலையடிவாரக் கல்லூரியில் நூற்று நாற்பது. துறைமுகப் பக்கம் வெறும் பன்னிரண்டு. நகரத்துப் பெரிய கல்லூரியில் முந்நூற்றொன்று. சின்ன ஊரில் முதல் இரண்டு வருஷத்தைப் படித்துவிட்டு மீதிக்கு நகரத்துக்குப் போகிற பிள்ளைகளை, "உன் நம்பர் வேற, எங்க நம்பர் வேற" என்று சொல்லி, படித்த பாடத்தையே மறுபடி படிக்க வைத்தார்கள். இனி எல்லோருக்கும் ஒரே எண், ஓர் இடத்தில் படித்தால் எல்லா இடத்திலும் செல்லும் என்று ஆக்குவதற்குத்தான் அந்தக் குழு.

"வேற யாரையாவது பாருங்க சார்," என்றாள்.

"வேற யாரும் சிக்க மாட்டேங்கறாங்கம்மா. உறுப்பினர்ங்க எல்லாம் ரெடி. நகரத்துக் கல்லூரியிலருந்து துறைத் தலைவரே நேர்ல வர்றேன்னு சொல்லிட்டார்."

"எந்தத் துறைத் தலைவர்?"

"கணிதம்தான். இத்தனை வருஷமா அவரேதானே? நெட்டையா இருப்பாரே, குனியவே மாட்டார்."

கணக்கம்மா கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"நான் வர்றேன் சார்."

"முட்டி வலின்னீங்களே?"

"சரியாப் போச்சு."

போனை வைத்துவிட்டு விடைத்தாள்களை ஓரமாகத் தள்ளினாள். மனதில் எழுந்தது என்னவென்று பிடிபடவில்லை. பயம் இல்லை அது. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. யாரோ பிடுங்கிக்கொண்டு போன பொருள் இத்தனை காலம் கழித்துச் சந்தையில் கண்ணில் பட்டால் எப்படி இருக்கும், அப்படி.

அந்த நெட்டை மனிதருக்குச் சின்னக் கல்லூரிக்காரர்கள் வைத்திருந்த பெயர் தூண். ஆள் உயரம், நிமிர்ந்த முதுகு, வைத்த இடத்திலிருந்து நகராத குணம். மூன்றுக்கும் பொருந்திய பெயர். கணக்கம்மா அவரை முதலில் பார்த்தபோது அவர் தலைமுடி முழுக்கக் கறுப்பு. அப்போதுதான் துறைத் தலைவர் ஆகியிருந்தார். அவளுக்கு ஊர்க் கல்லூரியில் இரண்டு வருஷப் படிப்பு முடிந்திருந்தது. ஊர்த் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை, "மீதிப் படிப்பை முடிச்சிட்டு நேரா இங்க வா, உனக்குன்னு ஒரு வகுப்பு வச்சிருக்கேன்" என்று வாக்கே கொடுத்திருந்தார். அந்தக் கனவோடுதான் நகரத்துக் கல்லூரியின் சேர்க்கை வரிசையில் நின்றாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த தூண் அவளுடைய சான்றிதழை ஒற்றை விரலால் தள்ளினார்.

"நூத்தஞ்சா? இது விரல் விட்டு எண்றவங்களுக்கு வச்ச பாடம். இங்க முந்நூத்தி ஒண்ணு. முதல்லருந்து படி."

"சார், பாடம் ஒண்ணுதான் சார். புத்தகம்கூட அதேதான். கொஞ்சம் பாருங்க சார்..."

"நம்பரைப் பாத்தாலே தெரியுதே. அடுத்த ஆளு வா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியில் அவளுக்குப் பெயரே நூத்தஞ்சுதான். "நூத்தஞ்சு வருது, விரலை எண்ணிக்கோங்கடா" என்பார்கள். ஏற்கெனவே படித்த அதே பாடத்தை, அதே புத்தகத்திலிருந்து, அதே பக்கங்களில் அவள் இன்னொரு வருஷம் படித்தாள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். அதற்கும் சிரித்தார்கள்.

அந்த ஒரு வருஷம் வீட்டில் செய்த சேதம்தான் பெரிது. அக்கா ஒரு வருஷம் பிந்தியதால் தம்பியைத் தொடர்ந்து படிக்க வைக்க அப்பாவால் ஆகவில்லை. அவர் மரமறுக்கும் ஆலையில் முதுகைக் கொடுத்துவிட்டுப் பாதி நாள் படுக்கையில் கிடந்தார். தம்பி அவளைவிடக் கெட்டிக்காரன். பெருக்கல் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் சொல்வான். அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி டயர் கடைக்கு அனுப்பினார்கள். தலைமையாசிரியை வாக்குக் கொடுத்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அவரும் எத்தனை நாள்தான் காலியாக வைத்திருப்பார்? வேலையும் போன வெறியில் கணக்கம்மா கணிதத்தையே விடாமல் பிடித்துக்கொண்டு கடைசிவரை படித்து, தான் கிளம்பி வந்த அதே ஊர்க் கல்லூரிக்கு விரிவுரையாளராகத் திரும்பினாள். அதே நூற்றைந்தாம் எண் பாடத்தை எடுக்க ஆரம்பித்தாள். அவளிடம் படித்தவர்கள் ஒவ்வொரு வருஷமும் நகரத்துக்குப் போனார்கள். தூண் ஒவ்வொரு வருஷமும் அவர்களைத் திருப்பி உட்கார வைத்தார். போன பிள்ளைகள் போனில் அழுவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "படிம்மா, ஒரு வருஷம்தானே" என்பாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தாடை வலி வந்துவிட்டது.

முதல் கூட்டத்துக்குத் தூண் கடைசியாக வந்தார். தலை வெளுத்திருந்தது. முதுகு அப்படியே இருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டுவிட்டு கணக்கம்மாவைப் பார்த்து, "நீங்கதான் தலைவரா மேடம்? சந்தோஷம். இதுக்கு முன்னாடி நாம சந்திச்சதில்லைன்னு நினைக்கிறேன்" என்றார்.

"உக்காருங்க சார்," என்றாள் அவள். அவருக்கு அவளை நினைவே இல்லை என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நல்லது என்றும் தோன்றியது. அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே வாங்கட்டும்.

அவருடைய வாதம் சுருக்கமாக இருந்தது. பெரிய கல்லூரி எங்களுடையது, எண்ணும் எங்களுடையதே இருக்கட்டும், எல்லோரும் முந்நூற்றொன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். "நூத்தஞ்சு, பன்னண்டுன்னு வச்சா கேக்கறதுக்கே பாலர் வகுப்பு மாதிரி இல்ல?" என்று சிரித்தார். துறைமுகக் கல்லூரி அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. பன்னிரண்டு அவருடைய எண்.

கணக்கம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணுவோம்" என்றாள். அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு சின்னக் கல்லூரிக்கும் போன் போட்டாள். யாரிடமும் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. தூண் என்று சொன்னாலே போதும், அவரவர் மனக்குறையை அவரவரே கொட்டினார்கள். மலையடிவாரத்துக்காரர் ஒருமுறை தூண் தன்னைக் கருத்தரங்கில் பேசவிடாமல் மணியடித்ததை இப்போது நடந்ததுபோல் சொன்னார். துறைமுகத்து அம்மாள், "எங்க நம்பர் வேணாம், யாரோட நம்பர் வேணும்னாலும் வைங்க, அந்த ஆளோடது மட்டும் வேணாம்" என்றார். "அப்ப நூத்தஞ்சு வச்சுக்கலாமா?" என்று கணக்கம்மா எதுவுமே தெரியாதவள்போலக் கேட்டாள்.

இரண்டாவது கூட்டத்தில் கைதூக்கச் சொன்னபோது, முந்நூற்றொன்றுக்குத் தூணின் கை மட்டும் கூரையைப் பார்த்து எழும்பியது. உயரமான கை. தனியாக நின்றதால் இன்னும் உயரமாகத் தெரிந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்ல இறக்கினார். அந்தக் கை இறங்குவதைக் கணக்கம்மா கண்கொட்டாமல் பார்த்தாள். வீட்டுக்குப் போகிற பேருந்தில் அதை நினைத்து நினைத்து, மிட்டாயை மெல்லாமல் அதக்கி வைத்துக்கொள்கிற குழந்தைபோல் சுவைத்தாள்.

ஆனால் அது அவளுக்கு பாதிப் பசி தீர்ந்த மாதிரிதான். எண் போனால் போகட்டும், எண் மட்டுமா அவளுக்குப் போனது?

பொது எண் வேண்டுமானால் பாடமும் பொதுவாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரில் போய் வகுப்பைப் பார்ப்பது குழுத் தலைவரின் வேலை. தூணின் கல்லூரியில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரியும். பழைய புத்தகத்தை அவர் எப்போதோ தூக்கிப்போட்டுவிட்டார். இப்போது முந்நூற்றொன்றில் முக்கால்வாசி இயற்கணிதம். பின்னத்துக்கு ஒரே ஒரு வகுப்பு. பள்ளிப் பிள்ளைகளிடம் போய்ப் பாடம் எடுத்துப் பார்க்கிற பயிற்சி அறவே கிடையாது. 'பொது எண்ணுக்குத் தகுதி இல்லை' என்று ஒரே வரியில் அடித்துவிடலாம். அப்படி அடித்தால் அந்தப் பாடத்தை இனி எந்தக் கல்லூரியும் ஏற்காது. அவர் செய்ததை அவருக்கே திருப்பிச் செய்தது போலாகும். அந்த ஒரு வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டேதான் அவள் நகரத்துக்குப் போனாள்.

வகுப்பறையில் கடைசி பெஞ்சு ஓரமாக உட்கார்ந்தாள். ஓர் இளம் உதவிப் பேராசிரியை பாடம் எடுத்தாள். நடத்தி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்து வந்தாள்.

"மேடம், எங்க பாடம் செல்லாதுன்னு ஆயிடும்னு பேசிக்கறாங்க. நிஜமா மேடம்? எனக்கு எங்க ஊர் ஸ்கூல்ல வேலை பேசி வச்சிருக்காங்க. இன்னொரு வருஷம்னா அவங்க இருக்க மாட்டாங்க."

"யார் சொன்னா? போய்ப் படி" என்று அதட்டிவிட்டுக் கணக்கம்மா வெளியே வந்தாள். மனதில் எழுதி வைத்திருந்த வரி அந்த இடத்திலேயே கலைந்துபோனது. அதற்காக அவள் தூணைத்தான் இன்னும் கொஞ்சம் வெறுத்தாள். பழிவாங்குவதைக்கூட நிம்மதியாகச் செய்யவிடாத மனிதர்.

தூண் தன் அறையில் அவளை உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். தோற்றவர்போல் பேசவில்லை, பெருந்தன்மையாகப் பேசினார்.

"நம்பர் போனா போகட்டும் மேடம். உண்மையச் சொல்றேன், நம்பர்ல என்ன இருக்கு? அந்தக் காலத்துல எங்களுக்கு வேற வழியில்ல. வெளியூர்லருந்து வர்றவங்க பாடத்தை எல்லாம் ஏத்துக்கிட்டா என் வகுப்புல உக்கார ஆள் ஏது? பாடத்தையே மூடிடுவாங்க. அதான் நம்பர் வேறன்னு சொல்லித் திருப்பி விடுவோம்."

"அப்ப பாடம் ஒண்ணுதான்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியாம என்ன? அன்னைக்குப் புத்தகமே ஒண்ணுதானே."

கணக்கம்மா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இத்தனை காலமும் அவர் அறியாமல் செய்தார், திமிரில் செய்தார் என்று நினைத்திருந்தாள். பெஞ்சை நிரப்பச் செய்திருக்கிறார். பெஞ்சுக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக அவள் தம்பி டயர் உருட்டப் போனான்.

"நீங்க அப்படித் திருப்பி விட்டதுல நானும் ஒருத்தி சார். 'விரல் விட்டு எண்றவங்களுக்கு வச்ச பாடம்'னு சொன்னீங்க."

அவர் நெற்றியைச் சுருக்கி நினைவுபடுத்திப் பார்த்தார். வரவில்லை. பிறகு முகம் மலர்ந்தது.

"அட! பாத்தீங்களா? அந்த ஒரு வருஷம்தான் உங்களை இந்த இடத்துக்குக் கொண்டு வந்திருக்கு. கஷ்டப்பட்டாத்தானே ஆளாக முடியும்?"

அவள் எழுந்துகொண்டாள். காபியைக் குடிக்காமலே வந்துவிட்டாள். திரும்பி வருகிற வழி முழுக்க அந்த மலர்ந்த முகம் பேருந்து ஜன்னலில் கூடவே வந்தது. ஊர் வந்து சேர்வதற்குள் அவள் முடிவு பண்ணிவிட்டாள். பிள்ளைகள் மேல் கை படக் கூடாது. அடி அவர் ஒருவர் மேல் மட்டும் விழ வேண்டும்.

குழுவின் கடைசி அறிக்கையில் அவள் எழுதியது இதுதான். எல்லாக் கல்லூரிப் பாடங்களும் இந்த வருஷத்திலிருந்தே நூற்றைந்து என்ற பொது எண்ணைப் பெறும். படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட வீணாகாது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் பயிற்சி இல்லாத கல்லூரிகளில், அந்தப் பாடத்துக்குப் பொறுப்பாக இருக்கிறவர், பயிற்சி உள்ள கல்லூரி ஒன்றுக்குப் போய் விடுமுறைக்காலத்தில் நூற்றைந்தை மாணவராக உட்கார்ந்து படித்துத் தேற வேண்டும். இல்லையென்றால் பொறுப்பை விட்டுவிட வேண்டும்.

அறிக்கையைப் படிக்கிறவர்களுக்கு நியாயமான நிபந்தனையாகத்தான் இருந்தது. பயிற்சி இல்லாத கல்லூரி தூணுடையது ஒன்றே ஒன்றுதான் என்பதும், விடுமுறையில் அந்தப் பாடம் நடக்கிற இடம் கணக்கம்மாவின் கல்லூரி மட்டும்தான் என்பதும் வாக்களித்தவர்களுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். மலையடிவாரத்துக்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

"தூண் வரமாட்டார், ராஜினாமா பண்ணிடுவார்" என்று எல்லோரும் பந்தயம் கட்டாத குறையாகப் பேசிக்கொண்டார்கள். பணிக்காலம் முடிய அவருக்குக் கொஞ்ச காலமே பாக்கி. தான் கட்டி வளர்த்த பாடத்தை இளையவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைசிக் காலத்தில் சும்மா உட்கார அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. விடுமுறை வகுப்பின் முதல் நாள், தோளில் ஒரு பையோடு வந்து நின்றார்.

"எங்க உக்காரணும் மேடம்?"

"முன் பெஞ்சுல."

அவர் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. "சார், கொஞ்சம் குனிங்க சார்" என்றார்கள். தூண் குனிந்தார். கணக்கம்மா அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே எண்களின் வரலாற்றைப் பாடமாக எடுத்தாள். அத்தனை உற்சாகமாக அவள் அந்தப் பாடத்தை எடுத்ததே இல்லை. அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டாள். வீட்டுப்பாடம் கொடுத்தாள், அவருடையதை மட்டும் இரண்டு தரம் திருத்தினாள். "ஏன்?" என்று எழுதி எழுதிச் சிவப்பு மை தீர்ந்தது. விதியைச் சொன்னால் ஏன் என்று கேட்டாள். நிரூபணம் எழுதினால், "இதை எட்டு வயசுப் பிள்ளைக்குச் சொல்லுங்க" என்றாள். மற்ற பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவருக்காகப் பயந்தார்கள். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

பாடத்தின் கடைசியில், பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்குப் போய் நிஜப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுக்க வேண்டும். யாருக்கு எந்தப் பாடம் என்று பிரித்துக் கொடுப்பது கணக்கம்மா. மற்றவர்களுக்கு முக்கோணம், கடிகாரம், எடை என்று கொடுத்தாள். தூணுக்கு, பின்னத்தைப் பின்னத்தால் வகுத்தல். அதிலும் மீதி வருகிற கணக்கு. ஒன்றே முக்கால் மீட்டர் நாடாவை அரை மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டு?

தூண் கரும்பலகையில் அழகாக எழுதினார். வகுக்கிற எண்ணைத் தலைகீழாக்கு, பெருக்கு, விடை மூன்றரை. நடுவரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி கை தூக்கினாள்.

"சார், மூணு துண்டு வெட்டினா கால் மீட்டர்தான மிச்சம் இருக்கும்? அது எப்படி அரைன்னு வந்துச்சு?"

எந்தப் பள்ளியிலும் ஏதாவது ஒரு பிள்ளை இதைக் கேட்கும் என்று கணக்கம்மாவுக்குத் தெரியும். அதற்காகவே கொடுத்த கணக்கு அது.

தூண் கரும்பலகையைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். மறுபடி தலைகீழாக்கிப் பெருக்கிக் காட்டினார். சிறுமி விடவில்லை. "கால்தான சார் இருக்கு?"

"விதி அப்படிம்மா," என்றார் கடைசியில்.

கணக்கம்மா கையிலிருந்த மதிப்பீட்டுத் தாளில் ஒரு கோடு கிழித்தாள். தேறவில்லை.

அன்று சாயங்காலம் தம்பியின் டயர் கடைக்குப் போனாள். தம்பிக்குத் தொந்தி விழுந்து, கடையில் நாலைந்து பேர் வேலை பார்த்தார்கள். டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டே கதை முழுவதையும் கேட்டான்.

"ஃபெயிலா? அவரையா? நிஜமாவா அக்கா?"

"நிஜமா."

"போன வருஷம் ஒரு பொண்ணு இதே மாதிரி முழிச்சுதுன்னு சொன்னியே, அதுக்கு என்ன பண்ணின?"

போன வருஷத்துப் பெண்ணை, போனால் போகிறது, வேலைக்குப் போய்க் கற்றுக்கொள்வாள் என்று கணக்கம்மா தேறியதாகப் போட்டிருந்தாள்.

"சரி விடு," என்றான் தம்பி. சிரிப்பை அடக்க முடியாமல் அவன் தொந்தி குலுங்கியது. "ஃபெயிலானா மறுபடி வந்து படிக்கணும்ல? அப்ப அவருக்கு மறுபடி பாடம் எடுக்கறது யாரு? நீதான? லீவெல்லாம் போச்சா? அந்த மூஞ்சிய இன்னொரு தரம் நீயும் உக்காந்து பாக்கணுமே அக்கா!"

"பாக்கறேன்."

"எனக்காகன்னா வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"உனக்காக மட்டும் இல்லடா."

"அது எனக்குத் தெரியும்," என்று அவன் டியூப்பைத் தூக்கிக் காற்று வருகிற இடத்தில் விரலை வைத்தான்.

அதே வருஷம் அடுத்த விடுமுறையிலும் தூண் வந்தார். இந்த முறை தானாகவே முன் பெஞ்சின் ஓரத்தில், யாருக்கும் மறைக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். கணக்கம்மா முன்போலவே விரட்டினாள். ஆனால் விரட்டுவதில் பழைய ருசி இல்லை. 'ஏன்?' என்று அவள் எழுதுவதற்கு முன்பே அவர் ஏன் என்று எழுதிக்கொண்டு வந்தார். சில நாள் வகுப்பு முடிந்தும் பெஞ்சைவிட்டு எழாமல் தாளில் நாடா நாடாவாக வரைந்துகொண்டிருந்தார்.

பள்ளிக்குப் போகிற நாள் வந்தது. அவள் அவருக்கு அதே கணக்கைக் கொடுத்தாள். இரக்கம் காட்டுவதாக இல்லை.

தூண் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. பிள்ளைகளுக்கு நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் ஷூவின் கயிற்றைக் கழற்ற ஆரம்பித்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீளக் கயிறு. அதை விரித்துப் பிடித்து, "இதை இவ்வளவு இவ்வளவா வெட்டணும்" என்று ஒரு குச்சியை அளவாகக் காட்டினார். ஒரு பிள்ளை குச்சியை வைத்து அளந்தது. மூன்று தரம் முழுதாக வந்து கொஞ்சம் மிஞ்சியது.

"மிஞ்சினது எவ்வளவு?"

"குட்டியா இருக்கு சார்!"

"குச்சிக்குப் பக்கத்துல வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தது. "குச்சியில பாதி!"

"நாம எதை எண்றோம்? மீட்டரையா, துண்டையா?"

"துண்டை!"

"அப்ப மிச்சம் எத்தனை துண்டு?"

"அரைத் துண்டு!" வகுப்பே கத்தியது. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

கணக்கம்மா இத்தனை வருஷமாக அந்தக் கணக்கைப் படம் போட்டுத்தான் விளக்கி வந்தாள். 'மீட்டரையா, துண்டையா' என்ற கேள்வி அவளுக்கே தோன்றியதில்லை. அது அவளைச் சுருக்கென்று குத்தியது. தாளை எடுத்து, எங்கேயாவது ஒரு பிழை கிடைக்காதா என்று தேடினாள். கிடைக்கவில்லை. தேறினார் என்று எழுதினாள். கையெழுத்து கோணல்மாணலாக வந்தது.

பள்ளியிலிருந்து இருவரும் சாலையோரமாக நடந்து வந்தார்கள். ஒரு ஷூவில் கயிறு இல்லாததால் அவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். கயிற்றை ஒரு பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு அந்த வரிசையில நான் வேற என்ன சொன்னேன்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். சிரித்ததையும் சொன்னாள். பெயர் வந்ததையும், தம்பி பள்ளியை விட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஞாபகம் இல்ல. ஆனா சொல்லியிருப்பேன். அப்பல்லாம் நான் அப்படித்தான் பேசுவேன்." கொஞ்ச தூரம் போனதும், "உங்க தம்பி இப்ப நல்லா இருக்காரா?" என்றார்.

"நல்லா இருக்கான். அதுல உங்களுக்குப் பங்கு இல்ல சார்."

அவர் நின்றுவிட்டார். அன்று அறையில் தான் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது. "தப்பு. அப்படி நான் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். "எதையுமே."

அவள் தலையாட்டினாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு அப்படித் தோன்றவும் இல்லை. ஆனால் பேருந்து நிறுத்தம் வரை, அவர் கால் இழுக்கிற வேகத்துக்கே தானும் நடந்தாள்.

புதிய எண் நடைமுறைக்கு வந்த பிறகு முதல் சேர்க்கை நாளன்று கணக்கம்மா விடுப்புப் போட்டுவிட்டு நகரத்துக் கல்லூரிக்குப் போனாள். தன் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, தூணின் மேஜைக்கு எதிரே இருந்த கல்தூணில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"நம்பிக்கை இல்லையா மேடம்?" என்றார் அவர்.

"இல்ல சார். நீங்க போடுங்க."

அவர் ஒவ்வொரு சான்றிதழாக வாங்கி, நூற்றைந்து என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மலையடிவாரத்துப் பிள்ளை, துறைமுகத்துப் பிள்ளை, அவளுடைய பிள்ளைகள். ஒருவரும் திரும்பி அனுப்பப்படவில்லை. அவர் பேனா ஓடுவதை அவள் விட்டுவிடாமல் பார்த்தாள்.

அப்போது பக்கத்து மேஜையில், வரலாற்றுத் துறையில், ஒரு குரல் உயர்ந்தது. "உன் நம்பர் இருநூத்தி பத்தும்மா. இங்க நானூத்தி முப்பது. போய் முதல்லருந்து படி." மேஜைக்கு முன்னால் நின்ற பெண் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு, "சார், பாடம் அதேதான் சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

தூண் பேனாவை நிறுத்தி கணக்கம்மாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே நிமிர்ந்து, கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அந்த மேஜையை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் உரக்க. "உங்க துறைத் தலைவர் யாரு?"